மேலப் பக்கம், கீழப் பக்கம்

செப்டம்பர் 9

கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. மலையேறும்போது விழுந்தேன், பனியில் சறுக்கினேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. ஆய்வு நிலையத்துச் சமையலறைப் படியில், கையில் தேநீர்க் கோப்பையோடு, என் ஷூ கயிற்றை நானே மிதித்து விழுந்தேன். நார்வேயின் வடகோடியில் வந்து சமையலறைப் படியில் விழுவதற்கா தென்காசியிலிருந்து இத்தனை தூரம் வந்தேன்!

மாவுக்கட்டுப் போட்டார்கள். அக்டோபர் கடைசிவரை ஊன்றக் கூடாதாம். "அதுக்குள்ள என் மண் உறைஞ்சு போயிருமே" என்று டாக்டரிடம் இங்கிலீஷில் புலம்பினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வலிக்கு இன்னொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

என் கவலை இதுதான். நிலையத்தைச் சுற்றி மரமே கிடையாது. பாசியும் குட்டைச் செடியும் மூடிய வெட்டவெளி. அதில் எங்கே பார்த்தாலும் முழங்கால் உயரத்துக்கு மண்மேடுகள். அந்த மேடுகளுக்குள் கடுகைவிடச் சிறிய பிராணிகள் வாழ்கின்றன. வாலை அடித்துத் துள்ளும் ஒன்று உண்டு. தமிழில் அதற்குப் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை, நான் 'துள்ளி' என்று வைத்திருக்கிறேன். இந்தக் குளிர் மண்ணில் அவை சமமாகப் பரவி இருப்பதில்லை. ஒரு பிடி மண்ணில் திருவிழாக் கூட்டம் நிற்கும், பக்கத்துப் பிடியில் ஒரு ஈ காக்கா இருக்காது. ஏன் இங்கே, ஏன் அங்கே இல்லை? இதுதான் என் ஆராய்ச்சி. மேட்டின் மேற்குச் சரிவுக்கும் கிழக்குச் சரிவுக்கும் வித்தியாசம் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதைப் பார்க்க இந்த மாதமே மண் எடுத்தாக வேண்டும்.

ஜூனோடு என் ஒப்பந்தம் முடிகிறது. சொல்லும்படியாக ஏதாவது கிடைத்தால் இன்னும் இரண்டு வருடம் வாங்கித் தருவதாகப் பேராசிரியர் குன்வோர் சொல்லியிருக்கிறார். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு கூசுகிறது. வாய்க்குள்ளேயே ஒரு 'மேடம்' சேர்த்துக்கொள்வேன்.

செப்டம்பர் 11

தப்பித்தேன். யோகராணி அக்கா எனக்காக மண் எடுக்கிறார்.

நிலையத்தில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஆராய்ச்சி மாணவி. அவர் ஆய்வுக்கூட உதவியாளர். காரைநகர்த் தீவுக்காரர். சண்டைக் காலத்தில் கல்யாணமாகி இங்கே வந்து, பக்கத்து ஊர் மீன் ஃபேக்டரியில் இத்தனை காலமும் மீன் வெட்டியவர். ஐஸ் மீனைப் பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் மரத்துப் போய்விட்டது. குளிரில் வெளுத்துப் போகும். கணவர் தவறிவிட்டார், மகள் ஒஸ்லோவில். போன வருடம்தான் நிலையத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தார். அவருக்கும் அதே ஜூன்தான் வாய்தா. வேலை சுத்தமாக இருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் திரும்பவும் மீன்.

படுத்தபடியே போனில் சொன்னேன்.

"மேட்டுக்கு ரெண்டு எடுக்கணும்க்கா. மேலப் பக்கம் ஒண்ணு, கீழப் பக்கம் ஒண்ணு. பையில 'மே', 'கீ'ன்னு எழுதிருங்க."

"மேலை ஒண்டு, கீழை ஒண்டு. ஓம், விளங்கிச்சுது. நீர் காலை ஆட்டாமல் கிடவும்."

"தமிழ்லயே எழுதுங்கக்கா. போன வருசம் குளிரறையில எவனோ என் பையைத் தூக்கித் தன் பையோட சேத்துட்டான். தமிழ்ல இருந்தா ஒரு பய கை வைக்கமாட்டான்."

"நல்ல மூளை உமக்கு" என்று சிரித்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

செப்டம்பர் 28

யோகராணி அக்கா புட்டும் மீன்குழம்புமாக வந்தார். மண் எல்லாம் எடுத்தாயிற்று, புனலிலும் போட்டாயிற்று. புனல் என்றால் வேறொன்றுமில்லை: மண்ணைச் சல்லடையில் வைத்து மேலே பல்பைப் போட்டுவிட்டால், சூடு தாங்காமல் உள்ளே இருப்பவை ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும், இறங்கி அடியிலுள்ள ஆல்கஹால் குப்பியில் விழும். நான் செய்ய வேண்டியது குப்பியை மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணுவது மட்டும்தான்.

"பாவம், குடிச்சே சாகுதுகள்" என்றார் அக்கா.

"எல்லாம் ஒரே இடத்துல குமிஞ்சு கெடக்கும்க்கா. ஏன்னுதான் தெரியல."

"இதிலை என்ன தெரியாமல் கிடக்கு? எங்கடை சனம் மாதிரித்தான். ஒஸ்லோவிலை குவிஞ்சு கிடக்கினம். இஞ்சை நானும் நீரும்."

சிரித்துச் சிரித்துக் கால் வலித்துவிட்டது. மீன்குழம்பு அருமை. தேங்காய்ப்பால் கொஞ்சம் கூடுதல் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. எனக்கும் இங்கிதம் உண்டு.

அக்டோபர் 30

கட்டைப் பிரித்தார்கள். கால் சூம்பிப்போய் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மண் கல்லாகிவிட்டது. நாளை முதல் எண்ண வேண்டும்.

நவம்பர் 24

சூரியன் போய்விட்டது. இனி ஜனவரியில்தான். மத்தியானம் கொஞ்ச நேரம் வானம் நீலமாக வெளுக்கும், அவ்வளவுதான் பகல். அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

ஆனால் இன்று எனக்கு இருட்டைப் பற்றிக் கவலையில்லை. 'மே' குப்பிகளில் துள்ளிகள் அள்ளக் குறையவில்லை. 'கீ' குப்பிகளில் ஏதோ போனால் போகிறதென்று ஒன்றிரண்டு. முதல் மேட்டில் இப்படி வந்தபோது தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவது, மூன்றாவது மேட்டிலும் அப்படியே. மேற்குச் சரிவில் கூட்டம், கிழக்கே வெறுமை!

நவம்பர் 25

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தால்.

டிசம்பர் 14

எல்லா மேடும் முடிந்தது. ஒன்றுகூட மாறவில்லை. காரணமும் கண்டுபிடித்துவிட்டேன். குளிர்காலத்தில் இங்கே கிழக்கிலிருந்து வீசும் காற்று அந்தப் பக்கத்துப் பனியை வழித்துக்கொண்டு போய் மேற்குச் சரிவில் குவிக்கிறது. பனி கனமாகப் போர்த்திய மண்ணில் கடுங்குளிர் இறங்காது. ஆகவே துள்ளிகள் அங்கே பிழைக்கின்றன, பெருகுகின்றன. கிழக்கே விறைத்துச் சாகின்றன. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்குமா என்று ஒரு நிமிடம் உறுத்தியது. பிறகு, ஏன் இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

குன்வோரிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சுவாரஸ்யமாக இருக்கிறது" என்றார். இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு, நம் ஊரில் தோளில் தூக்கிவைத்து ஆடுவதாக அர்த்தம்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, பூச்சி எண்ணி முடிச்சிட்டியா? எப்பம் வார?"

"இன்னும் ரெண்டு வருசம் இருப்பேன் போலிருக்கும்மா."

"ரெண்டு வருசமா! அங்க அப்படி என்னத்தக் கண்ட?"

என்னத்தைச் சொல்ல? ஊரில் நான் வேலை பார்த்த கல்லூரியில் மைக்ரோஸ்கோப் பீரோவுக்குள் பூட்டியிருக்கும், சாவி முதல்வரிடம். இங்கே என்னை யாரும் ஒன்றும் கேட்காமல் நாள் முழுக்கப் பூச்சி எண்ண விடுகிறார்கள். இதை நான் விடமாட்டேன்.

ஜனவரி 15

பொங்கல். சூரியனே இல்லாத ஊரில் சூரியப் பொங்கல்! யோகராணி அக்கா விடவில்லை. அவர் வீட்டு மின் அடுப்பில் பால் பொங்கியது. புகை எச்சரிக்கை மணி அலறியது. குலவைக்குப் பதில் அதுதான்.

"கிழக்கைப் பாத்துக் கும்பிட வேணும். கிழக்கு எந்தப் பக்கம்?"

போனில் திசைகாட்டியைப் பார்த்துச் சொன்னேன். குளிர்சாதனப் பெட்டி இருக்கும் பக்கம். இரண்டு பேரும் குளிர்சாதனப் பெட்டியைக் கும்பிட்டோம்.

சாப்பிடும்போது அக்கா சொன்னார்: "நிரந்தரமாக்கினால் இஞ்சையே ஒரு சின்ன வீடு பாப்பன். மீன் கொம்பனிக்கு இனி ஏலாது பிள்ளை. காலமை எழும்பினால் விரல் மடங்குதில்லை." விரல்களைக் காட்டினார். நான் என் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டேன். சில்லென்று இருந்தன.

பிப்ரவரி 20

என் படத்தைப் பெரிதாக அச்சடித்து நிலையத்து நடைவழியில் மாட்டிவிட்டார்கள். ஒரு மேடு, மேற்கே துள்ளிக் கூட்டம், கிழக்கே வெறும் மண். ஜூலையில் நடக்கும் மாநாட்டில் பேசவும் அனுமதி வந்தாயிற்று. இரண்டு வருடம் ஏறக்குறைய முடிந்த மாதிரி என்று குன்வோர் சொன்னார். "உங்களுக்காக மண் எடுத்தவரின் வேலையும் நன்றாக இருக்கிறது, அதையும் நியமனக் குழுவிடம் சொல்வேன்" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 19

சும்மா இருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன். இட்லி மாவு புளிக்கப் பழைய ரொட்டி அடுப்பின் மிதமான சூடு சரியாக இருக்கிறது.

மே 6

மேடுகளின் தலை பனிக்கு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. வசந்தகால மண்ணையும் கொஞ்சம் பார்க்கலாமென்று அக்காவும் நானும் போனோம். முதல் முறையாக இரண்டு பேரும் சேர்ந்து. நல்ல வெயில். அக்கா ஒரு பாட்டை முனகிக்கொண்டே மண் எடுக்கும் குழாயை மேட்டின் உச்சியில் அழுத்தித் திருகி, மண் உருளையை வெளியே தள்ளினார். பிறகு பையிலிருந்து ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்தார்.

"போன முறை மாதிரி நடுவிலை வெட்டட்டோ?"

"எதுக்கு வெட்டணும்?"

"என்ன பிள்ளை, நீர்தானே சொன்னனீர், மேலை ஒண்டு கீழை ஒண்டு எண்டு. எல்லா மேட்டிலையும் உச்சியிலை ஒரு துண்டு எடுத்து, நடுவிலை வெட்டி, மேல்பாதி வேறை, கீழ்பாதி வேறை, பிரிச்சுப் போட்டனான். அளவு பாத்துத்தான் வெட்டினனான், ஒண்டும் பிசகேல்லை."

நான் அந்த ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன? கால் நோகுதோ? நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?"

"இல்லக்கா. ஒண்ணுமில்ல. கால்தான்."

மே 7

துணி துவைத்தேன். மெஷின் பாதியில் நின்றுவிட்டது. பிழிந்து காயப்போட்டேன்.

மே 9

யோசித்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருக்கிறது. நான் மேலப் பக்கம் என்றேன், எங்கள் ஊரில் அது மேற்கு. மேலத்தெரு, கீழத்தெரு என்றால் சின்னப் பிள்ளைக்கும் திசை தெரியும். அக்கா கேட்டது மேலும் கீழும். என் 'மே' குப்பியில் இருந்தது மேற்கல்ல, மேல்மண். 'கீ'யில் இருந்தது அடிமண்.

மேல்மண்ணில் துள்ளி நிறைய இருக்கும், அடிமண்ணில் கொஞ்சமாக இருக்கும். குளிர் மண்ணில் எல்லாமே மேலே இரண்டு விரல்கடைக்குள்தான் வாழும், அதற்குக் கீழே ஈரக் குளிரும் காற்றில்லாத களியும்தான். இதைக் கண்டுபிடிக்க ஆவுடைச்செல்வி என்று நான் ஒருத்தி தேவையில்லை. பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. நான் அதற்குக் கிழக்குக் காற்று, பனிப் போர்வை என்று ஒரு புராணமே கட்டி, நடைவழியில் மாட்டியும் வைத்திருக்கிறேன்.

குன்வோரிடம் இன்று சொல்லலாம் என்றுதான் போனேன். அவருக்கு ஜலதோஷம். உடம்பு சரியில்லாதவரிடம் எப்படிச் சொல்வது?

மே 11

குன்வோர் தேறிவிட்டார். ஆனால் ஒரு கூட்டத்தில் இருந்தார்.

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சொல்லாமல் இருக்கிறேன், அவ்வளவுதான். இலையுதிர்காலத்தில் சரியாக ஒரு முறை மண் எடுத்துப் பார்த்துவிட்டால், என் சந்தேகமே உண்மையாகவும் இருக்கலாம் இல்லையா? இருக்கலாம். அதுவரை பொறுத்தால் என்ன?

வெங்காயம் தீர்ந்துவிட்டது.

மே 12

யோகராணி அக்கா நடைவழியில் என் படத்தின் முன் நின்றுகொண்டிருந்தார். எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறார். இன்றுதான் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிறார்.

"என்னக்கா பாக்கீங்க?"

"படம் வடிவாய்த்தான் இருக்கு." மேற்கு என்று இருந்த பக்கத்தை விரலால் தொட்டார். பிறகு, "உங்கடை ஊரிலை மேல் எண்டால் மேற்கோ?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"ஓகோ" என்றார். கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. கோபமா, வருத்தமா என்று முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மே 15

குன்வோர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். 

"யோகராணி காலையில் வந்தார். நீங்கள் மேற்கு, கிழக்கு என்று தெளிவாகச் சொன்னீர்களாம். அவர் கவனிக்காமல் உச்சியில் எடுத்து வெட்டிவிட்டாராம். இப்போதுதான் அவருக்கே தெரிந்ததாம். அழுதார்."

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு இது பெரிய அடி, எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் தவறு இல்லை. படத்தை இறக்கிவிடுவோம், மாநாட்டுக்கு நான் எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்தில் மாற்றமில்லை, இலையுதிர்காலத்தில் திரும்ப எடுங்கள். ஆனால் யோகராணியின் வேலையை நிரந்தரமாக்க இனி என்னால் கையெழுத்துப் போட முடியாது. மண் எடுப்பவர் சொன்னதைச் செய்யவில்லையென்றால் இந்த நிலையமே எதற்கு?"

நான் சரி என்று தலையாட்டினேன்.

கடைக்குப் போய் வெங்காயம் வாங்கினேன். புனல்களைத் துடைத்தேன். எரியாத பல்பு ஒன்றை மாற்றினேன். நினைத்ததைவிட நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ச்சீ.

மே 16

காலையில் குன்வோர் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே போய் நின்றேன்.

"அவங்க சொன்னது பொய்" என்று தமிழில் ஆரம்பித்துவிட்டேன். அவர் முழித்தார். பிறகு இங்கிலீஷில் சொன்னேன். நான் மேற்கு என்று சொல்லவே இல்லை, மேல் என்றேன். அக்கா தன் காதில் விழுந்ததைத்தான் செய்தார், அளந்து, ஒழுங்காக, என்னைவிடச் சுத்தமாகச் செய்தார். என் வாய்தான் தப்பு.

"ஒரே சொல்லுக்கு மேற்கும் மேலும் எப்படி அர்த்தமாகும்?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"எங்கள் ஊரில் மலை மேற்கே இருக்கிறது. கடல் கிழக்கே. மேற்கே போனால் ஏற்றம், கிழக்கே போனால் இறக்கம். தண்ணீரும் அப்படித்தான் ஓடும். அதனால் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. எனக்கு அது இரண்டு அர்த்தமாகவே தோன்றியதில்லை."

"அவரும் அதே மொழிதானே?"

"அவர் பிறந்தது தீவு. தட்டையான மண். சுற்றி நாலு பக்கமும் கடல். அவருக்கு மேல் என்றால் தலைக்கு மேல்தான்."

குன்வோர் சிரித்தார். எனக்கும் உயிர் வந்தது. சிரித்து முடித்துவிட்டு, "உங்களுக்கு இது எப்போது தெரியும்?" என்றார். "நேற்று, நான் சொல்லித்தானே?"

அந்த ஒரு நொடியில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

"ஆறாம் தேதி" என்றேன்.

அவர் நாள்காட்டியைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். "தவறு எல்லோருக்கும் வரும். நானே ஒரு முறை ஒரு கோடை முழுவதும் தப்பான ஏரியில் தண்ணீர் எடுத்திருக்கிறேன். ஆனால் தப்பு என்று தெரிந்த படத்தைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நேற்று என் முன்னால் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறீர்கள்." குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் தேவலை. "நாளை விடுமுறை. யோசித்துச் சொல்கிறேன்."

மே 17

நார்வே நாட்டின் தேசிய நாள். ஊர்வலத்தில் யோகராணி அக்கா மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையும் மேலே தடித்த கோட்டுமாகக் கொடி பிடித்துப் போனார். நான் தபால் நிலையச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். கூப்பிடவில்லை.

மே 18

முடிவு வந்துவிட்டது. யோகராணி அக்காவுக்கு நிரந்தரம். எனக்கு ஜூனோடு சரி. குன்வோர் கை குலுக்கினார். "வந்து சொன்னதற்கு நன்றி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு இந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது. அவ்வளவு பிடித்திருந்தது.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அக்காவைத் தேடிப் போனேன். சந்தோஷமாக இருப்பார், கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். புனல் அறையில் சல்லடை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சல்லடையைத் தொட்டியில் எறிந்தார்.

"உனக்கென்ன விசரே? உன்னை ஆர் போய்ச் சொல்லச் சொன்னது?"

"என் தப்புக்கு உங்க வேலை போனா..."

"போனால் போகட்டும்! மீன் கொம்பனி இல்லையே? இவ்வளவு காலமும் வெட்டினனான், இன்னும் கொஞ்சக் காலம் வெட்டமாட்டனே?"

"விரல் மடங்கலன்னீங்களே..."

"விரல்!" கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஈரம் சொட்டியது. "விரலுக்காண்டி நான் அழுதனானோ? உவ்வளவு படிச்சும் உனக்கு இது விளங்கேல்லையோ? மனுசன் செத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மகளோடை போனிலை கதைக்கிறதுதான் எனக்குத் தமிழ். அவளும் பாதி நோர்வேப் பாசையிலை கதைப்பாள். நீ வந்த பிறகுதான் வாய் நிறையக் கதைக்கிறன். சண்டை பிடிக்கிறன். பகிடி விடுறன். நீ இரண்டு வருசம் இருப்பாய் எண்டு நான் நம்பியிருந்தனான். இப்ப எனக்கு நிரந்தரமாம், நிரந்தரம்! ஆரோடை இருந்து நிரந்தரம்?"

 பூச்சியை எண்ணத் தெரிந்தவளுக்கு எதிரில் இருக்கும் மனுஷியைப் பார்க்கத் தெரியவில்லை. அவர் எனக்காக விட்டுக்கொடுத்தார் என்று நினைத்தேன். இல்லை, என்னை இருத்தி வைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார்.

"அக்கா" என்றேன். முதுகைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் போய் நின்றேன். தொட்டேன். தட்டிவிட்டார். அங்கேயே நின்று நானும் மூக்கொழுக அழுதேன். பல்புச் சூட்டில் அந்த அறை மட்டும் நம் ஊர் மாதிரி வெந்துகொண்டிருந்தது.

மே 19

பேசவில்லை. நான் வந்தால் அக்கா எழுந்து வேறு அறைக்குப் போகிறார். பயணச்சீட்டு பார்த்தேன். ஜூலை முதல் வாரம் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பிறகு, "ஏன் தொண்ட கட்டியிருக்கு?" என்று கேட்டாள். குளிர் என்றேன்.

மே 21

மத்தியானம் சமையலறையில் என் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்தார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு பெரிய தூக்குப் பாத்திரம், அதைத் திறந்தால் சோறும் கணவாய்க் கறியும். தட்டு ஒன்றுதான் எடுத்தார். அதில் சோற்றைப் போட்டு, பாதியை ஒரு ஓரத்துக்கும் பாதியை மறு ஓரத்துக்கும் தள்ளி, நடுவில் மேசையில் வைத்தார். கை கழுவிவிட்டு வந்து தன் பக்கத்தைப் பிசைய ஆரம்பித்தார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன பாக்கிறாய்? ஜூலைக்கு இன்னும் நாள் கிடக்கு. சாப்பிடு, ஆறுது."